புதுக் கோச் வந்தபின் அணி தேறியதா? எப்படிப் பார்ப்பது

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் சாயங்காலம் நின்று ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் பேச்சை எடுத்தால் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு பக்கம் சென்னையின் எஃப்.சி., இன்னொரு பக்கம் கேரளா பிளாஸ்டர்ஸ். திருநெல்வேலியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். பிளாஸ்டர்ஸின் ஊரான கொச்சி ஏறக்குறைய அதில் பாதிதான். அதனால் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டைக்காரர்கள் இங்கே இருப்பதில் ஆச்சரியம் இல்லை. எந்தக் கட்சியானாலும், அணிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்து ஐந்தாறு ஆட்டம் முடிந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “அண்ணாச்சி, இந்த ஆளு தேறுவாரா, மாட்டாரா?”

கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் இதற்கு லீக்கின் புள்ளிப் பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள். போன வருஷம் எட்டாவது, இந்த வருஷம் ஐந்தாவது, அப்படியானால் கோச் நல்லவர். இது முழுத் தப்பு இல்லை. ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நாம் தெரிந்துகொள்ள விரும்புவது, இந்த ஆட்களை வைத்துக்கொண்டு, இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, இந்தப் பயிற்சியாளர் வராமலே இருந்திருந்தால் அணி எங்கே நின்றிருக்கும் என்பதை. அதற்கும் இப்போது நிற்கிற இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம்தான் அவருடைய பங்கு. பட்டியல் அதைச் சொல்லாது. நாம்தான் வேறு வழிகளில் தேடிப் பார்க்க வேண்டும்.

நம்மூர் விவசாயிகளுக்கு இது தெரிந்த விஷயம். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு வயலை ஒருவர் புதிதாகக் குத்தகைக்கு எடுக்கிறார். கார் போகத்தில் பாபநாசம் அணையில் தண்ணீர் இல்லை, பயிர் வாடிப்போகிறது. அடுத்த பிசானப் போகத்தில் வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்து களம் நிறைகிறது. விவரம் தெரிந்தவர்கள் இதை வைத்து அவரைத் திட்டவும் மாட்டார்கள், தூக்கி வைக்கவும் மாட்டார்கள். அதே கால்வாய், அதே தண்ணீர், பக்கத்து வயலில் எத்தனை கோட்டை நெல் கண்டது என்றுதான் விசாரிப்பார்கள்.

கால்பந்தில் அந்தப் பக்கத்து வயலைத் தேடிப் போனவர் நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல். அந்த நாட்டு லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்ததை எடுத்துக்கொண்டு பார்த்தார். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் அதன்பிறகு கொஞ்சம் தேறியிருந்தன. சரி, புது ஆள் வேலை செய்கிறார் என்று அத்தோடு விட்டுவிடலாம். அவர் விடவில்லை. அதே அளவுக்குச் சரிந்தும் பழைய பயிற்சியாளரையே வைத்திருந்த அணிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவையும் ஏறக்குறைய அதேபோலத் தேறியிருந்தன.

இதற்குக் காரணம் மாயம் எதுவும் இல்லை. ஒரு பயிற்சியாளரை எப்போது நீக்குகிறார்கள்? அணி ஆகக் கீழே கிடக்கும்போது. ஆகக் கீழே கிடக்கும்போது அணியின் தரம் மட்டும் கெட்டிருக்காது, நேரமும் கெட்டிருக்கும். கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, காயத்தில் உட்கார்ந்த ஸ்ட்ரைக்கர், கடைசி நிமிஷத்தில் வாங்கிய கோல், எல்லாம் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்திருக்கும். அது எப்போதும் தொடராது. யார் வந்து உட்கார்ந்தாலும் அடுத்த பத்து ஆட்டம் முந்தைய பத்தைவிடப் பெரும்பாலும் கொஞ்சமாவது நன்றாகத்தான் போகும். புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். புதுப் பயிற்சியாளரை எடைபோட உட்காரும் எவரும் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

மான்செஸ்டர் யுனைட்டெட் இதற்குப் பட்ட பாடு ஊருக்கே தெரியும். 2018 டிசம்பரில் ஓலே குன்னர் சோல்ஷ்யாரைத் தற்காலிகமாகக் கொண்டு வந்தார்கள். முதல் 19 ஆட்டங்களில் 14 வெற்றி. 2019 மார்ச்சில் வேலையை நிரந்தரமாக்கினார்கள். அந்த சீசனின் மிச்ச ஆட்டங்களில் அணி தடுமாறி, லீக்கில் ஆறாவது இடத்தில் முடித்தது. 19 ஆட்டம் என்பது கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஒரு மனிதரைப் பற்றி முடிவு கட்ட அது போதவில்லை.

சரி, அப்படியானால் பயிற்சியாளரால் ஒன்றுமே ஆகாதா? ஆகும். அதைக் கண்டுபிடிக்கிற வழியைக் காட்ட, நம் சென்னையின் எஃப்.சி.யின் 2019-20 சீசனைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. கொஞ்சம் பொறுமையாக இதைப் பார்ப்போம்.

ஜான் கிரிகரி 2017-18இல் சென்னைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அடுத்த சீசனில் அதே கிரிகரியின் கீழ் அணி 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடத்தில் முடித்தது. அதற்கு அடுத்த சீசனும் மோசமாகத் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி. கிரிகரி விலகினார். டிசம்பரில் ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் கோய்ல் வந்தார். மிச்சமிருந்த 12 லீக் ஆட்டத்தில் 24 புள்ளி. நான்காவது இடம், அரையிறுதியில் கோவாவை வென்று இறுதி ஆட்டம். அங்கே கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது.

ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்ப்பதுதான் முதல் கணக்கு. ஆட்ட எண்ணிக்கை ஒன்றாக இல்லாதபோது மொத்தப் புள்ளியை ஒப்பிடக் கூடாது. கிரிகரிக்கு 5 வகுத்தல் 6, அதாவது 0.83. கோய்லுக்கு 24 வகுத்தல் 12, அதாவது 2. இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலான ரசிகர்கள் இங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள்.

மூட வேண்டாம். அடுத்த கேள்வி, யாரோடு விளையாடி எடுத்த புள்ளி? கிரிகரியின் ஆறு ஆட்டங்கள் கோவா, மும்பை, ஏ.டி.கே., பெங்களூரு, ஹைதராபாத், ஒடிசாவோடு. சீசன் முடிந்தபோது பட்டியலில் முதல் ஆறு இடத்தில் இருந்தவர்களில் சென்னையைத் தவிர்த்த ஐந்து பேரும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். ஹைதராபாத் மட்டும்தான் கடைசி. அந்த மனிதருக்கு விழுந்த அட்டவணை அப்படி. கோய்ல் வந்ததும் முதலில் ஜாம்ஷெட்பூர், கேரளா. அப்புறம் நார்த்ஈஸ்ட் யுனைட்டெடும் அவர் பங்குக்கு வந்தது. இந்த மூன்று அணிகளோடு இரண்டிரண்டு ஆட்டம். ஏழு, எட்டு, ஒன்பதாம் இடங்களில் முடித்தவர்கள் இவர்கள். கோய்லின் 24 புள்ளியில் 14 இவர்களிடமிருந்து வந்தது.

ஆக 2 என்ற எண் கொஞ்சம் ஊதிப்போன எண். நியாயமாகப் பார்க்க வேண்டுமானால் இருவரும் சந்தித்த அதே ஆறு எதிரணிகளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். கிரிகரி எடுத்தது 5. கோய்ல் கோவாவிடம் 4-3 என்று தோற்றார், ஒடிசாவிடம் தோற்றார், பெங்களூருவோடு டிரா, ஹைதராபாத், ஏ.டி.கே., மும்பை மூன்றையும் வென்றார். மொத்தம் 10. அதிலும் கிரிகரிக்கு ஆறில் நான்கு ஆட்டம் சென்னையிலேயே நடந்தது. கோய்லுக்கு ஆறில் நான்கு வெளியூரில்.

இப்போதுதான் நம்பக்கூடிய ஒரு பதில் கையில் வருகிறது. அட்டவணையின் உதவியைக் கழித்த பிறகும், சொந்த மைதானத்தின் உதவி குறைந்த பிறகும், அதே எதிரிகளிடம் புள்ளி இரண்டு மடங்கு. ஆட்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். நெரியுஸ் வால்ஸ்கிஸ் அந்த வருஷம் 15 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கியவர். அவர் சீசன் தொடக்கத்திலிருந்தே அணியில் இருந்தார். அந்த மாதிரி ஒரு ஸ்ட்ரைக்கர் இருக்கும் அணி நான்கு ஆட்டம் கோலே போடாமல் இருந்ததில் கெட்ட நேரத்தின் பங்கும் இருந்திருக்கும், அது எப்படியும் திரும்பியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. அதையெல்லாம் ஒத்துக்கொண்ட பிறகும் கோய்லின் கை அதில் இருக்கிறது என்று நான் துணிந்து சொல்வேன். அடுத்து அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய், 2021-22இல் லீக் சுற்றில் முதலிடத்துக்கான ஷீல்டை வென்று கொடுத்தார். ஓர் இடத்தில் செய்ததை இன்னோர் இடத்திலும் செய்தால் சந்தேகம் இன்னும் குறைகிறது.

மஞ்சள் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க அவர்கள் கணக்கையும் பார்த்துவிடலாம். பிளாஸ்டர்ஸ் 2020-21இல் 11 அணிகளில் 10வது இடம். 20 ஆட்டத்தில் 17 புள்ளி, வாங்கிய கோல் 36. செர்பியாக்காரர் இவான் வுகோமனோவிச் வந்தார். முதல் மூன்று ஆட்டத்தில் வெற்றியே இல்லை. சீசன் முடிவில் 34 புள்ளி, வாங்கிய கோல் 24, இறுதி ஆட்டத்தில் ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோல்வி. கொரோனா காலம் என்பதால் இரண்டு சீசனும் கோவாவிலேயே நடந்தன, சொந்த மைதானக் கணக்கு குறுக்கே வராது. புள்ளி அப்படியே இரட்டிப்பு. ஆனால் இங்கே ஒன்றைக் கழித்தாக வேண்டும். அட்ரியான் லூனா, அல்வாரோ வாஸ்கெஸ், ஹோர்ஹே பெரேரா டியாஸ் என்று வெளிநாட்டு வீரர்களை அந்த வருஷம் புதிதாகக் கொண்டு வந்திருந்தார்கள். லூனாவைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்ததில் நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. கோய்ல் விஷயத்தில் ஆள் மாறவில்லை, கோச் மாறினார். இங்கே இரண்டும் சேர்ந்து மாறியது. வுகோமனோவிச்சைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, கேரளத்தில் அவர் மேல் வைத்த பாசம் சும்மா வந்ததில்லை. ஆனாலும் இரண்டு கதையையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இதுவரை பார்த்தது புள்ளிகளை. புள்ளிக்கு முன்னால் கோல், கோலுக்கு முன்னால் வாய்ப்பு. பயிற்சியாளரின் வேலை பெரும்பாலும் அந்த மூன்றாவது இடத்தில்தான் தெரியும். அவர் களத்துக்குள் இறங்கி உதைக்க முடியாது. நல்ல இடத்தில் நம் ஆளுக்குப் பந்து போகும்படியும், எதிரி ஆளுக்குப் போகாதபடியும் பழக்க முடியும்.

இதை அளக்க வந்ததுதான் எக்ஸ்ஜி என்று டிவியில் காட்டுகிற எண். எதிர்பார்க்கப்படும் கோல் என்று பொருள். முன்னால் அடிக்கப்பட்ட ஏராளமான ஷாட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இந்த இடத்திலிருந்து, இந்தக் கோணத்தில், இப்படி வந்த பந்தை அடித்தால் நூற்றுக்கு எத்தனை தடவை கோலாகும் என்று கணக்கிடுகிறார்கள். பெனால்டி என்றால் நூற்றில் ஏறக்குறைய முக்கால்வாசி கோலாகிவிடும், அதனால் அதன் மதிப்பு 0.75க்குச் சற்று மேல். முப்பது கெஜம் தள்ளியிருந்து அடிக்கிற ஷாட்டுக்கு மதிப்பு மிகச் சொற்பம். ஓர் ஆட்டத்தில் அடித்த எல்லா ஷாட்டின் மதிப்பையும் கூட்டினால், அந்த அணி உருவாக்கிய வாய்ப்புகளின் அளவு வருகிறது. ஒரே ஓர் ஆட்டத்தின் எக்ஸ்ஜியை வைத்துச் சண்டை போடுவது வீண். பத்து, இருபது ஆட்டம் சேர்ந்தால் அது பேச ஆரம்பிக்கும்.

எப்படிப் பேசும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரைட்டன் அணியைச் சொல்லலாம். கிரஹாம் பாட்டர் 2019இல் அங்கே போனார். அதற்கு முந்தைய சீசனில் 36 புள்ளி, 17வது இடம். அவர் வந்த முதல் சீசன் 41 புள்ளி, 15வது. இரண்டாவது சீசனும் அதே 41 புள்ளி, ஆனால் ஓர் இடம் இறங்கி 16வது. பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு இது தேங்கி நிற்கும் அணி. ஆனால் அந்த இரண்டாவது சீசனில் எக்ஸ்ஜி கணக்கு பிரைட்டனைப் பட்டியலின் மேல்பாதியில் வைத்தது. வாய்ப்புகளை அணி உருவாக்கிக்கொண்டே இருந்தது, முன்னால் நின்றவர்கள் அடித்து வீணாக்கினார்கள். நிர்வாகம் அதைப் பார்த்து அவரை வைத்துக்கொண்டது. அடுத்த சீசன் 51 புள்ளி, ஒன்பதாவது இடம்.

கதை அங்கே நின்றிருந்தால் சுலபம். 2022 செப்டம்பரில் பாட்டரை செல்சீ கூட்டிக்கொண்டு போனது. ஏழு மாதம்கூட அங்கே தாங்கவில்லை. பிரைட்டனுக்கு ராபர்ட்டோ டி செர்பி வந்தார், அந்த சீசனை 62 புள்ளியோடு ஆறாவது இடத்தில் முடித்தார். அப்படியானால் பிரைட்டனின் வளர்ச்சி பாட்டரால் வந்ததா, நல்ல ஆட்களை மலிவாகத் தேடிப் பிடிக்கும் அந்த நிர்வாகத்தால் வந்ததா? இரண்டாலும் என்றுதான் சொல்ல முடியும். என் அபிப்பிராயத்தில் நிர்வாகத்தின் பங்கை ரசிகர்கள் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகிறோம். கோச்சின் முகம் டிவியில் தெரிகிறது, ஆள் பிடிக்கிறவரின் முகம் தெரிவதில்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்து லீக்கை ஆராய்ந்த பொருளியலாளர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கி, பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அணிகளின் சம்பளச் செலவும் பட்டியலில் அவை நிற்கும் இடமும் பெரும்பாலும் சேர்ந்தே போகின்றன என்று காட்டினார். அதிகச் சம்பளம் கொடுக்கும் அணி இரண்டாவது வந்தால் அந்தக் கோச் சாதித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. சின்ன அணி ஏழாவது வந்தால் அது பெரிய விஷயமாக இருக்கலாம். தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு விளையாடிய சென்னை சிட்டி எஃப்.சி., 2017-18இல் ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில் எட்டாவது. அந்த அணியின் நடுக்களத்தைத் தாங்கியவர் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர் மைக்கேல் சூசைராஜ். சீசன் முடிந்ததும் அவரும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினிலிருந்து வந்த சில வீரர்களோடு அடுத்த சீசனில் 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரு புள்ளி கூடுதல், கோப்பை. கொல்கத்தாவின் பெரிய அணிகள் இருந்த லீக்கில் இது நடந்தது. புதிதாக வந்த ஸ்பெயின்காரர்களின் பங்கைக் கழித்த பிறகும் நவாஸுக்கு நிறைய மிஞ்சும்.

பொறுமை வேண்டும் என்று பேசும்போது எல்லாரும் அலெக்ஸ் ஃபெர்குசனை இழுப்பார்கள். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு வந்தார். லீக்கில் முடித்த இடங்கள் வரிசையாக 11, 2, 11, 13. முதல் கோப்பை 1990இல், லீக் பட்டம் 1993இல். காத்திருந்தால் பலன் வரும் என்பதற்கு இது சாட்சி என்கிறார்கள். எனக்கு இந்த வாதத்தில் உடன்பாடில்லை. காத்திருந்து ஒன்றும் வராமல் போன பயிற்சியாளர்களின் பெயரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ஃபெர்குசன் விஷயத்தில் கவனிக்க வேண்டியது வேறு. பட்டியலில் 11ம் 13மாக நின்றுகொண்டிருந்த அதே காலத்தில் அவர் கிளப்பின் இளையோர் பயிற்சியைத் திருத்திக்கொண்டிருந்தார். ரயான் கிக்ஸ், டேவிட் பெக்கம், கேரி நெவில், நிக்கி பட் எல்லாரும் இருந்த இளையோர் அணி 1992இல் எஃப்.ஏ. இளையோர் கோப்பையை வென்றது. அன்றைக்குப் பட்டியலில் தெரியாத வேலை அது, மைதானத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பயிற்சியாளர் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களுக்கு எத்தனை நிமிஷம் ஆடக் கொடுக்கிறார், அவர்கள் ஆறு மாதத்தில் முன்னேறியிருக்கிறார்களா என்று பார்ப்பது, அதனால், வெறும் நல்லெண்ணம் இல்லை. அதுவும் ஓர் அளவுகோல்தான்.

அப்படியானால் எத்தனை நாள் கழித்துத் தீர்ப்புச் சொல்லலாம்? எல்லா எதிரணிகளோடும் உள்ளூரிலும் வெளியூரிலும் ஆடி முடிக்கிற ஒரு முழுச் சுற்றாவது ஆகட்டும் என்பேன். சீசன் நடுவில் வந்தவருக்கு, அவரே சீசனுக்கு முந்தைய பயிற்சி கொடுத்து, அவரே கேட்ட ஆள் இரண்டு பேராவது வந்த பிறகு ஆகும் முழுச் சுற்று. அதற்கு முன்பே கவலைப்படலாமா என்றால் படலாம். தோல்விகளோடு சேர்ந்து எக்ஸ்ஜியும் மாதாமாதம் இறங்குகிறது, ஆள் முழுசாக இருந்தும் இறங்குகிறது என்றால் அதைக் கெட்ட நேரம் என்று சொல்ல முடியாது.

நம் கல்லூரி அணிகளுக்கும், உவரி, இடிந்தகரை மாதிரிக் கடற்கரை ஊர்களின் அணிகளுக்கும் எக்ஸ்ஜி போட யாரும் வரப்போவதில்லை. அது ஒரு குறையே இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து நாம் அடித்த ஷாட் எத்தனை, எதிரணி அடித்தது எத்தனை, இந்த இரண்டை மட்டும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குறித்து வாருங்கள். வெளியிலிருந்து அடிப்பதை விட்டுவிடலாம். புதுக் கோச் வருவதற்கு முந்தைய பத்து ஆட்டத்தின் குறிப்பும் இருந்தால் ஒப்பிடுவது சுலபம். யாரோடு ஆடினோம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள், பலவீனமான அணியைத் துவைத்து எடுத்ததைத் தனியாகப் பிரித்துப் பார்க்க உதவும்.

உள்ளூர்ப் போட்டிகள் பெரும்பாலும் நாக்அவுட். ஒரு தோல்வி, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இவ்வளவு குறைந்த ஆட்டங்களை வைத்து வெற்றி தோல்வியில் எதையும் படிக்க முடியாது. அங்கே கார்னரையும் ஃப்ரீகிக்கையும் கவனியுங்கள். ஓடும் ஆட்டத்தை மாற்றப் பயிற்சியாளருக்கு மாதக்கணக்கில் ஆகும், நின்றுபோன பந்தை ஒழுங்குபடுத்த இரண்டு வாரப் பயிற்சி போதும். எதிரணிக்குக் கார்னர் கிடைத்ததும் பந்து வைக்கிற இடத்தைப் பார்க்காமல் நம் பையன்களைப் பாருங்கள். ஒவ்வொருவனும் தன் ஆளைத் தேடிப் போய் நிற்கிறானா, முதல் கம்பத்தில் ஓர் ஆள் இருக்கிறானா, பந்து வெளியே போனதும் எல்லாரும் சேர்ந்து முன்னேறுகிறார்களா, அல்லது முந்தைய கோச் காலத்தில் மாதிரியே ஒருவனை ஒருவன் கத்திக்கொண்டு நிற்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள்.